மொத்தச் சரக்குக் கப்பலில் டெமரேஜ்: வராமல் தடுப்பது முதல் வந்தபின் தீர்ப்பது வரை

தூத்துக்குடிக்கு 55,000 டன் இந்தோனேசிய நிலக்கரி இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். டன்னுக்கு அரை டாலர் குறைக்க விற்பவரிடம் வாரக்கணக்கில் பேரம் பேசுவார்கள். கிடைக்கும் மிச்சம் 27,500 டாலர். அதே நிறுவனம் கப்பல் ஒப்பந்தத்தில் சரக்கை ஏற்றி இறக்கத் தரும் நேரத்தைச் சொல்லும் லேடைம் பிரிவை மாலை நேர அவசரத்தில் ஒரு முறை படித்துவிட்டுச் சம்மதம் சொல்லிவிடும். அந்த நேரத்தைத் தாண்டி நிறுத்தினால் கப்பல் உரிமையாளருக்குக் கட்டும் தொகையான டெமரேஜ் நாளொன்றுக்கு 15,000 டாலர் என்றால், கப்பல் இரண்டு நாள் கூடுதலாக நின்றாலே பேரத்தில் கிடைத்த மிச்சம் முழுவதும் போய்விடும்.

டெமரேஜ் பிரச்சினையில் சரக்குக்காரர் தோற்பது பெரும்பாலும் வாதத்தில் அல்ல, தாளில். கப்பல் நின்ற நாட்களில் எழுதப்படாத ஒரு வரியை மூன்று மாதம் கழித்து எந்த வழக்கறிஞராலும் எழுத முடியாது. ஆகவே இந்த வழிகாட்டி கோரிக்கைக் கடிதம் வந்த நாளிலிருந்து தொடங்காமல் ஒப்பந்தம் பேசும் நாளிலிருந்து தொடங்குகிறது. கப்பலை வாடகைக்கு எடுப்பவரான சார்ட்டரரின் பக்கமிருந்தும், அவரிடம் சரக்கு வாங்குபவரின் பக்கமிருந்தும் எழுதுகிறேன். கன்டெய்னருக்குக் கப்பல் நிறுவனங்கள் போடும் டெமரேஜும் டிடென்ஷனும் வேறு கணக்கு. அவற்றை இங்கே தொடவில்லை.

கணக்கு எப்படி ஓடுகிறது

சரக்கை ஏற்றவோ இறக்கவோ சார்ட்டரருக்குக் கொடுக்கப்படும் நேரம் லேடைம். அது தீர்ந்த பிறகும் வேலை முடியாவிட்டால் ஒப்பந்தத்தில் எழுதிய விகிதத்தில் டெமரேஜ் ஓடும். முன்னதாக முடித்தால் பல ஒப்பந்தங்களில் பாதி விகிதத்தில் டெஸ்பாட்ச் என்ற பரிசுத்தொகை சார்ட்டரருக்குக் கிடைக்கும்.

நம் எடுத்துக்காட்டில் இறக்கும் வேகம் நாளுக்கு 10,000 டன், வானிலை அனுமதிக்கும் நாட்கள், ஞாயிறும் விடுமுறைகளும் சேர்த்து என்று வைத்துக்கொள்வோம். 55,000 டன்னுக்கு லேடைம் 5 நாள் 12 மணி நேரம். ஒப்பந்தப் படிவம், சர்வதேசக் கப்பல் துறை அமைப்பான பிம்கோவின் ஜென்கான் 1994. அதன்படி, கப்பல் தயார் என்ற அறிவிப்பு (துறைமுகத்தில் எல்லோரும் என்.ஓ.ஆர். என்பார்கள்) நண்பகல் 12 மணிக்குள் கொடுக்கப்பட்டால் லேடைம் அன்று பிற்பகல் 1 மணிக்குத் தொடங்கும். 12 மணிக்குப் பிறகு அலுவலக நேரத்தில் கொடுக்கப்பட்டால் அடுத்த வேலை நாள் காலை 6 மணிக்குத் தொடங்கும்.

திங்கள் காலை 9.30-க்கு என்.ஓ.ஆர். வருகிறது. கப்பலைக் கட்டிச் சரக்கு இறக்கும் இடமான பெர்த் காலியில்லை, கப்பல் நங்கூரத்தில் நிற்கிறது. ஆனாலும் நேரம் பிற்பகல் 1 மணிக்குத் தொடங்கிவிடும். புதன் காலை 10 முதல் 1.30 வரை நங்கூரத்திலிருந்து பெர்த்துக்கு நகர்ந்த மூன்றரை மணி நேரம் கணக்கில் சேராது. வியாழன் மாலை மழையால் வேலை நின்ற நாலரை மணி நேரமும் சேராது. இந்த எட்டு மணியைக் கழித்தால் லேடைம் ஞாயிறு காலை 9 மணிக்குத் தீர்கிறது. இறக்கி முடித்தது செவ்வாய் இரவு 9 மணி. இடையில் இரண்டரை நாள், அதாவது 37,500 டாலர். இந்த இரண்டரை நாளுக்குள் வரும் திங்களன்று பகலில் ஆறு மணி நேரம் மழை பெய்தது என்றால் அதற்குக் கழிவு கிடையாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இதே என்.ஓ.ஆர். திங்கள் பகல் 12.05-க்கு வந்திருந்தால்? நேரம் செவ்வாய் காலை 6 மணிக்குத்தான் தொடங்கும். பதினேழு மணி நேரம் மிச்சம், மணிக்கு 625 டாலர் வீதம் 10,625 டாலர். ஐந்து நிமிட வித்தியாசத்தின் விலை இது. என்.ஓ.ஆர். மின்னஞ்சலின் நேர முத்திரையை ஏன் இவ்வளவு கூர்ந்து பார்க்க வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

முதல் படி: ஒப்பந்தம் பேசும்போது

டெமரேஜ் விகிதத்தைக் குறைப்பதில்தான் எல்லோருடைய கவனமும் போகிறது. சந்தை விகிதத்தை ஒட்டியே அது அமையும் என்பதால் அங்கே பேரத்துக்கு இடம் குறைவு. பணம் ஒளிந்திருப்பது மற்ற வார்த்தைகளில்.

இறக்கும் வேகத்தை உங்கள் ஸ்டீவடோர் (துறைமுகத்தில் சரக்கை ஏற்றி இறக்கும் ஒப்பந்தக்காரர்) உண்மையில் தரும் சராசரியை வைத்து எழுதுங்கள். நல்ல நாளில் கிடைத்த உச்சத்தை வைத்து எழுதினால் ஒவ்வொரு கப்பலிலும் டெமரேஜ் நிச்சயம். வேகத்தைச் சற்றுக் குறைத்துக் கேட்டால் உரிமையாளர் டன்னுக்குச் சில சென்ட் சரக்குக் கட்டணத்தைக் கூட்டுவார். அது தெரிந்த செலவு. டெமரேஜ் தெரியாத செலவு.

ஞாயிறும் விடுமுறையும் சேர்த்தா, நீக்கியா என்பது அடுத்தது. நீக்கி என்றால், அந்த நாட்களில் வேலை செய்தாலும் சேராதா, வேலை செய்தால் மட்டும் சேருமா என்பதையும் எழுத வேண்டும். இந்த ஒரு வால் இல்லாததால் எழும் சண்டைகள் ஏராளம்.

பெர்த் நெரிசல் நேரத்தை யார் சுமப்பது? 'பெர்த்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்.ஓ.ஆர். கொடுக்கலாம் என்ற சொற்றொடர் இருந்தால் காத்திருப்பு சார்ட்டரர் தலையில். இந்தியத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில் உரிமையாளர்கள் இதை விட்டுத்தர மாட்டார்கள். அதை எதிர்த்து நேரத்தை வீணாக்குவதைவிட, என்.ஓ.ஆர். கொடுத்தபின் 12 அல்லது 24 மணி நேரம் கழித்துத்தான் லேடைம் தொடங்கும் என்று ஒரு சலுகை நேரத்தைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

ஏற்றும் துறைமுக நேரமும் இறக்கும் துறைமுக நேரமும் ஒரே கணக்காகச் சேர்க்கப்பட்டால், ஒரு பக்கம் மிச்சமானது மறுபக்கம் உதவும். ஆனால் ஏற்றும் பக்கம் விற்பவரின் பொறுப்பாக இருந்தால் இது குழப்பத்தையே தரும். அப்போது தனித்தனிக் கணக்கே நல்லது.

கோரிக்கைக்குக் காலக்கெடுவைக் கட்டாயம் கேளுங்கள். எண்ணெய் போன்ற திரவச் சரக்குக்கான டாங்கர் ஒப்பந்தங்களில் சரக்கு இறக்கி முடித்த 90 நாளுக்குள் ஆதார ஆவணங்களோடு கோரிக்கை வர வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமானது. உலர் சரக்கில் நீங்கள் கேட்டு வாங்கினால்தான் உண்டு. அது இல்லாவிட்டால் ஆங்கிலச் சட்டப்படி ஆறு ஆண்டுகள் வரை, இந்தியச் சட்டப்படி மூன்று ஆண்டுகள் வரை அந்தக் கோரிக்கை உங்கள் தலைமேல் இருக்கும். கணக்கு எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், ஏஜென்டும் மாறியிருப்பார்.

இரண்டாம் படி: கப்பல் வருமுன்

இங்கே செய்யும் வேலைக்கு நிகரான பலன் வேறெங்கும் இல்லை. கப்பல் ஏற்றிக் கிளம்பிய நாளிலேயே இறக்குமிடத்து ஏஜென்டிடம் பெர்த் வரிசையைக் கேளுங்கள். முன்னால் நான்கு கப்பல் நிற்கிறது என்று தெரிந்தால், உரிமையாளரிடம் பேசி வேகத்தைக் குறைத்து வரச் சொல்லலாம். எரிபொருள் மிச்சத்தைப் பகிர்ந்துகொள்ளும் உடன்பாட்டோடு இதைச் செய்வோர் உண்டு. எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் மட்டும் செய்யாதீர்கள்.

சுங்கத் தாள்களில் தாமதம் ஏற்பட்டால் அதன் பழி முழுவதும் சரக்குக்காரர் மீதுதான். 2021-இல் சுங்கச் சட்டம் திருத்தப்பட்டபின், பொதுவாகக் கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிச் சுங்க அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். வருகைக்கு 30 நாள் முன்பிருந்தே தாக்கல் செய்யவும் வழி இருக்கிறது. சரக்கைப் பெறக் காட்ட வேண்டிய ஆவணமான ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் வங்கியில் மாட்டிக்கொண்டிருந்தால், அது இல்லாமல் சரக்கை விடுவிக்க உரிமையாளர் கேட்கும் பொறுப்புறுதிக் கடிதத்தின் வாசகத்தைக் கப்பல் வருமுன்பே முடித்துவையுங்கள். அது வெறும் காகிதமல்ல. அதில் கையெழுத்திடுபவர் சரக்கின் முழு மதிப்புக்கும் மேல் பொறுப்பேற்கிறார். எனவே நிர்வாகத்தின் ஒப்புதல் கிடைக்க நாளாகும்.

யார்டில் இடம், லாரி, ரயில் ரேக், இரவு ஷிப்ட் ஆட்கள் ஆகியவற்றை ஸ்டீவடோரிடம் வாய்மொழியாகக் கேட்டால் எல்லாம் தயார் என்பார். எழுத்தில் கேளுங்கள். நாளுக்கு எத்தனை லாரி நடை, ஒரு நடைக்கு எத்தனை டன், யார்டு எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டாலே ஒப்பந்த வேகம் சாத்தியமா என்பது தெரிந்துவிடும். கப்பலின் கிரேன் எவ்வளவு வேகமாக அள்ளினாலும், கரையிலிருந்து சரக்கு நகராவிட்டால் அள்ளும் வாளியான கிராப் காற்றில்தான் தொங்கும்.

மூன்றாம் படி: என்.ஓ.ஆர். வந்த நொடி

என்.ஓ.ஆர். செல்லுபடியாகக் கப்பல் ஒப்பந்தம் சொல்லும் இடத்துக்கு வந்திருக்க வேண்டும், உண்மையிலேயே தயாராகவும் இருக்க வேண்டும். துறைமுகம் வரை என்ற ஒப்பந்தத்தில், கப்பல் துறைமுக எல்லைக்குள் சார்ட்டரரின் உடனடிக் கட்டளைக்கு உட்பட்டு நின்றால் போதும் என்று 1973-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை 'ஜோஹன்னா ஓல்டன்டார்ஃப்' வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தக் கப்பல் பெர்த்திலிருந்து 17 மைல் தள்ளி நங்கூரத்தில் நின்றது, ஆனாலும் வந்துவிட்டதாகவே கருதப்பட்டது. பெர்த் வரை என்ற ஒப்பந்தத்தில் கதை வேறு, பெர்த்தை அடைந்தால்தான் வந்துவிட்டதாகக் கருதப்படும்.

அதைப் புரிந்துகொள்ள நமக்குப் பக்கத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 1998 செப்டம்பர் 25 அன்று 'ஹேப்பி டே' என்ற கப்பல் ஒடேசாவிலிருந்து கோதுமையோடு கொச்சிக்கு வெளியே வந்து சேர்ந்தது. ஓதம் தவறியதால் உள்ளே போக முடியவில்லை. கேப்டன் அங்கிருந்தே என்.ஓ.ஆர். கொடுத்துவிட்டார். மறுநாள் பெர்த்துக்குப் போனபின் புதிய என்.ஓ.ஆர். கொடுக்கவில்லை. சரக்கை இறக்கி முடிக்க டிசம்பர் 25 ஆனது. உரிமையாளர் டெமரேஜ் கேட்டார். சார்ட்டரரோ, செல்லுபடியான என்.ஓ.ஆர். இல்லாததால் லேடைம் தொடங்கவே இல்லை, எனவே எனக்கே டெஸ்பாட்ச் தர வேண்டும் என்றார். மூன்று மாதம் கப்பலை நிறுத்திவைத்தவர் பரிசு கேட்ட வழக்கு இது. லண்டன் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. என்.ஓ.ஆர். பற்றி அறிந்தும், எந்த ஆட்சேபமும் பதிவு செய்யாமல் சரக்கை இறக்கத் தொடங்கியதால், இறக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து லேடைம் ஓடும் என்று தீர்ப்பானது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் வேலை முறை இதுதான். என்.ஓ.ஆர். வந்தவுடன் உங்கள் ஏஜென்ட் 'பெற்றுக்கொண்டோம், ஏற்கவில்லை, எங்கள் உரிமை எதையும் விட்டுத்தரவில்லை' என்ற பொருளில் பதில் அனுப்ப வேண்டும். கப்பல் எல்லைக்கு வெளியே நின்றதா, சரக்கறைகள் தயாரா, சுகாதார அனுமதி கிடைத்ததா என்று சந்தேகம் இருந்தால் அதே பதிலில் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். கையெழுத்து கேட்டு வரும் தாளில் வெறும் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று முத்திரை குத்திவிட்டால் பிறகு பேச எதுவும் இருக்காது.

நான்காம் படி: நிகழ்வுப் பதிவு

ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபேக்ட்ஸ் என்ற தாள்தான் முழுக் கோரிக்கையின் முதுகெலும்பு. கப்பல் வந்தது முதல் போனது வரை ஒவ்வொரு தொடக்கமும் நிறுத்தமும் மணி நிமிடத்தோடு அதில் இருக்கும். அதைக் கடைசி நாளில் கப்பல் கிளம்பும் அவசரத்தில் ஒருசேரத் தயாரிப்பது பெரும் தவறு. தினமும் வரைவை வாங்குங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் இறக்கிய அளவைக் குறிக்கும் ஸ்டீவடோரின் ஷிப்ட் டாலி ஷீட்டோடு ஒப்பிடுங்கள்.

'வேலை நின்றது: 15.00 – 19.30' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வரி உங்களுக்குப் பயன்படாது. காரணம் இருக்க வேண்டும். மழையா, கப்பலின் இரண்டாம் எண் கிரேன் பழுதா, லாரி வரவில்லையா, கேப்டன் சரக்கறை மூடியான ஹேட்ச்சைத் திறக்க மறுத்தாரா? கப்பலின் நான்கு கிரேன்களில் ஒன்று பழுதானால், பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்த நேரத்தில் நான்கில் ஒரு பங்கு கழியும். எந்த கிரேன், எந்தச் சரக்கறை, எப்போது பழுது, எப்போது சரியானது என்பது பதிவில் இல்லாமல் அந்தக் கால் பங்கைக் கேட்கவே முடியாது. கரையிலுள்ள கிரேன் பழுதானால் பொதுவாக நேரம் உங்கள் கணக்கில்தான் ஓடும். ஆகவே பழுது யாருடையது என்பதை மூடிமறைக்கும் வார்த்தைகளுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேப்டன் எழுதியது தவறு என்று தோன்றினால் கையெழுத்திட மறுக்க வேண்டாம். ஆட்சேபக் குறிப்போடு கையெழுத்திட்டு, அன்றே தனியாக ஒரு எதிர்ப்புக் கடிதம் கொடுங்கள். அவரும் அதைத்தான் செய்வார்.

மழை, வெள்ளம், நேரக் கழிவு

மழை பெய்தாலே நேரம் கழியும் என்பது தவறான நம்பிக்கை. அந்தச் சரக்கை இறக்க அந்த வானிலை தடையா என்பதே கேள்வி. உரமோ கோதுமையோ என்றால் தூறலுக்கே ஹேட்ச் மூட வேண்டும். நிலக்கரியைச் சிறு மழையில் இறக்கலாம் என்று உரிமையாளர் வாதிடுவார். பக்கத்து பெர்த்தில் அதே நேரம் நிலக்கரி இறங்கியது என்று காட்டினால் உங்கள் கழிவு போய்விடும். பக்கத்து பெர்த்தும் நின்றது என்றால் அதைப் பதிவு செய்வது உங்கள் வேலை.

கப்பல் நங்கூரத்தில் முறைக்காகக் காத்திருக்கும்போது பெய்யும் மழையும் கழியலாம். பிம்கோ உள்ளிட்ட அமைப்புகள் 2013-இல் வெளியிட்ட லேடைம் வரையறைகளில், முறைக்குக் காத்திருக்கும் கப்பல் பெர்த்தில் இருந்திருந்தால் வேலை சாத்தியமா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறது. பலர் இதைக் கேட்பதே இல்லை. பெர்த் பகுதியின் மழைப் பதிவை வானிலை ஆய்வு மையத்திலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் வாங்கி வைத்துக்கொண்டால் இந்த மணி நேரங்களை மீட்கலாம்.

2023 டிசம்பர் 17, 18-இல் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். சாலைகளும் தண்டவாளங்களும் அரித்துக்கொண்டு போயின. இப்படி ஒரு சமயத்தில், மழை நின்றபின்னும் லாரி போக வழியில்லாமல் யார்டு நிரம்பிச் சரக்கு இறக்குவது நின்றால்? சாதாரண வானிலை விதிவிலக்கு கப்பலில் நடக்கும் வேலையைத் தடுக்கும் வானிலைக்குத்தான் பொருந்தும். சாலை துண்டிப்பு அதில் வராது என்பதே வலுவான வாதம். வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் தனியாக எழுத வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பல் எடுப்பவர்கள் இந்த ஒரு வரிக்காகப் பேசியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லேடைம் தீர்ந்து டெமரேஜ் தொடங்கிவிட்டால், தெளிவாக எழுதியிருந்தாலொழிய லேடைமுக்கான எந்த விதிவிலக்கும் உதவாது. மழையும் ஞாயிறும் விடுமுறையும் எல்லாம் டெமரேஜில் ஓடும். நம் கணக்கில் கடைசித் திங்களின் ஆறு மணி நேர மழைக்குக் கழிவு கிடைக்காதது இதனால்தான். உரிமையாளரின் தவறால் நின்ற நேரம் மட்டும் இதற்கு விலக்கு.

கோரிக்கை வந்தபின்

முதலில் தேதியைப் பாருங்கள். காலக்கெடு இருந்தால், அதற்குள் கோரிக்கை மட்டுமல்ல, ஒப்பந்தம் கேட்ட ஒவ்வொரு ஆவணமும் வந்ததா? 2015-இல் லண்டனில் 'அட்வென்ச்சர்' என்ற டாங்கர் வழக்கில், கோரிக்கை 90 நாளுக்குள் வந்தும் ஆதார ஆவணங்கள் முழுமையாக இல்லாததால் உரிமையாளர் தோற்றார். மறுபுறம், நீங்கள் யாரிடமாவது டெமரேஜ் கேட்பவராக இருந்தால், இந்த வழக்கை நினைத்துக் கையிலுள்ள எல்லாத் தாளையும் முதல் நாளே அனுப்புங்கள்.

அடுத்து அவர்கள் கணக்கைத் திருத்த உட்காராதீர்கள். மூல ஆவணங்களை மட்டும் வைத்து உங்கள் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு எங்கே என்பது பளிச்சென்று தெரியும். பொதுவாக லேடைம் தொடங்கும் நேரம், பெர்த்துக்கு நகர்ந்த நேரம், மழை, கிரேன், டிராஃப்ட் சர்வே (கப்பல் நீரில் அமிழும் ஆழத்தைக் கொண்டு சரக்கை அளப்பது) என ஐந்தாறு இடங்களில்தான் வேறுபாடு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தப் பிரிவு எண், பதிவின் வரி, டாலர் மதிப்பு என்று பதில் எழுதுங்கள். 'உங்கள் கணக்கை ஏற்க முடியாது' என்ற ஒரு வரிப் பதில், ஒரு மாதத்தை வாங்கித் தருமே தவிர ஒரு டாலரையும் குறைக்காது.

மறுக்க முடியாத தொகையை உடனே கட்டிவிடுங்கள். மீதியைப் பற்றி உரிமையை விட்டுத்தராமல் பேசலாம். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன், ஏனென்றால் ஜென்கான் 1994-இல் டெமரேஜுக்காகச் சரக்கைத் தடுத்து வைக்கும் பிடி உரிமை உரிமையாளருக்கு உண்டு. சரக்கு இன்னும் கப்பலில் இருக்கும்போது தகராறு முற்றினால், நிறுத்தி வைக்கப்பட்ட சரக்கால் வரும் இழப்பு டெமரேஜைவிடப் பெரிதாகும்.

டெமரேஜோடு சேர்த்து வேறு இழப்பீடும் கேட்டால் கவனியுங்கள். சீனாவின் லாங்கோவில் 31 நாள் காத்திருந்த 'எடர்னல் பிளிஸ்' கப்பலில் சோயா கெட்டுப்போனதற்குத் தனி இழப்பீடு கேட்டார் உரிமையாளர். லேடைமைத் தாண்டியது தவிர வேறு ஒப்பந்த மீறல் இல்லையென்றால் டெமரேஜே முழுத் தீர்வு என்று 2021-இல் ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

ஒப்பந்தம் இந்தியச் சட்டத்தின் கீழ் இருந்தால், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவைக் காட்டி, உண்மையான இழப்பை நிரூபிக்கச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அதையே முழு அரணாக நம்ப வேண்டாம். இழப்பை அளப்பது கடினமான இடத்தில், நியாயமான முன்மதிப்பீடாக எழுதிய தொகையை ஏற்கலாம் என்று 2003-இல் ஓ.என்.ஜி.சி – சா பைப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

பேச்சு முறிந்து லண்டன் நடுவர் மன்றத்துக்குப் போனால், சிறு தொகைகளுக்கென்று அங்குள்ள கடல்சார் நடுவர் சங்கத்தில் குறுகிய நடைமுறை இருக்கிறது. வாய்மொழி விசாரணை பெரும்பாலும் இல்லாமல் தாள்களை வைத்தே தீர்ப்பு. நம் எடுத்துக்காட்டின் 37,500 டாலர் தகராறு அந்த அளவுக்குள் வரும். முழு நடுவர் விசாரணைக்குப் போனால் வழக்கறிஞர் செலவே தகராறுத் தொகையைத் தாண்டிவிடும்.

கீழே கடத்துவது

கப்பல் எடுத்தவர் ஒருவர், சரக்கு வாங்கியவர் இன்னொருவர் என்றால் டெமரேஜ் ஒரு சங்கிலி. விற்பனை ஒப்பந்தத்தில் 'டெமரேஜ் கப்பல் ஒப்பந்தப்படி' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு இரு தரப்பும் நிம்மதியாக இருப்பார்கள். விகிதம் மட்டுமா, லேடைம் விதிகளுமா, காலக்கெடுவுமா, எது உள்ளே வந்தது? கப்பல் ஒப்பந்தத்தின் காலக்கெடு தானாக விற்பனை ஒப்பந்தத்துக்குள் வந்துவிடாது என்ற தீர்ப்பும் உண்டு. ஆகவே வேகம், தொடக்க நேரம், விதிவிலக்குகள், விகிதம் நான்கையும் விற்பனை ஒப்பந்தத்தில் காலக்கெடுவோடு சேர்த்துத் திரும்ப எழுதுங்கள். கீழேயிருப்பவரின் கெடு முன்னதாக முடிந்துவிட்டால், மேலே கட்டிய பணத்தைக் கீழே வாங்க முடியாது. உரிமையாளருக்கு 90 நாள் கெடு கொடுத்திருந்தால், வாங்குபவரிடம் குறைந்தது 120 நாளாவது கேளுங்கள். 89-ஆம் நாள் வரும் கோரிக்கையைக் கீழே அனுப்ப உங்களுக்கு நேரம் வேண்டும்.

ஸ்டீவடோர் ஒப்பந்தத்திலும் இதே கேள்வி. உறுதியளித்த வேகத்துக்குக் குறைந்தால் அவர் எவ்வளவு ஏற்பார் என்று எழுதிக் கேட்டால் பெரும்பாலானோர் ஒரு வரம்போடு ஒப்புக்கொள்வார்கள். முழு டெமரேஜையும் அவர் ஏற்கமாட்டார், எதிர்பார்க்கவும் வேண்டாம். ஆனால் வரம்புத் தொகை சிறிதாக இருந்தாலும், ஷிப்ட் டாலி ஷீட் தினமும் காலை எட்டு மணிக்குள் கையெழுத்தோடு உங்கள் மேஜைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையை அதே பிரிவில் சேர்த்துவிடுங்கள்.